கவர்னரைக் காக்க வைத்த அச்சுக்காரர்

1771-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரம் அப்போது பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆட்சியில் இருந்தது. அங்கே ஒரு சிறிய அச்சுக்கூடத்துக்குக் கவர்னரின் சேவகன் வந்தான். கவர்னரும் ஆலோசனை சபையாரும் கூடியிருக்கிறார்கள். அச்சுக்கூடத்தின் சொந்தக்காரர் உடனே வந்து ஆஜராக வேண்டும் என்று உத்தரவு.

சொந்தக்காரருக்கு வயது 22. பத்திரிகை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தமக்கு வேலை இருப்பதாகவும், இப்போது வருவதற்கில்லை என்றும் அவர் சொல்லி அனுப்பினார்.

சற்று நேரத்தில் சேவகன் மறுபடியும் வந்தான். சபை காத்திருக்கிறது என்றான். அதே பதில்தான். மூன்றாம் முறையும் வந்தான். உத்தரவை எழுத்து மூலமாகக் கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டார் அச்சுக்காரர். இல்லை என்றான் அவன். அப்படியானால் கவர்னரிடமும் சபையாரிடமும் தமக்கு மரியாதை உண்டு, ஆனால் தமக்குச் சொந்த வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் எழுத்துப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சபையில் கோபம் கொதித்தது. ஆனால் என்ன செய்வது? வந்து நின்று ஒரு வார்த்தை தவறிப் பேசியிருந்தால், சபையை அவமதித்தார் என்று சிறையில் தள்ளியிருக்கலாம். வரவே வராத மனிதரை எந்தக் குற்றத்துக்காகப் பிடிப்பது? இந்தச் சூட்சுமத்தை அச்சுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தவர், சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர். பிறகு அட்டர்னி ஜெனரல் மூலமாக ஜூரிகளிடம் வழக்கைக் கொண்டு போனார்கள். விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முகாந்தரம் இல்லை என்று ஜூரிகள் கையை விரித்துவிட்டார்கள். ஜூரிகளும் பாஸ்டன்காரர்கள்தானே!

இத்தனை ரகளைக்கும் காரணம், பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை. கவர்னர் ஹட்சின்சன் தம் சம்பளத்தை மாகாணத்தின் ஜனசபையிடமிருந்து வாங்காமல் மன்னரிடமிருந்து வாங்குகிறார். ஆகவே அவர் ஜனங்களின் கவர்னரே அல்ல, பதவியை அபகரித்தவர் என்று புனைபெயரில் ஒருவர் எழுதியிருந்தார். எழுதியவர் என்று சந்தேகிக்கப்பட்ட கிரீன்லீப் என்பவருக்கு மாஜிஸ்திரேட் பதவி பறிபோயிற்று. அச்சிட்டவரை மட்டும் அசைக்க முடியவில்லை.

அவர் பெயர் ஐசாயா தாமஸ்.

முழ உயரப் பலகை

ஐசாயா 1749-ம் ஆண்டு ஜனவரியில் பாஸ்டனில் பிறந்தான். தகப்பன் இளமையிலேயே இறந்துபோனார். தாய் ஒரு சிறு கடை வைத்துக் குழந்தைகளைக் காப்பாற்றினாள். அவளால் எல்லாக் குழந்தைகளையும் வளர்க்க முடியவில்லை. 1756-ல் ஐசாயாவை ஜெகரையா பௌல் என்ற அச்சுக்காரரிடம் தொழில் பழக ஒப்படைத்தார்கள். 21 வயது வரை எஜமானிடம் இருக்க வேண்டும். பையனுக்கு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் எஜமான் கற்றுத்தர வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

பௌல் எதையும் கற்றுத்தரவில்லை. அவருக்கே தொழில் அரைகுறைதான். தெருவில் கூவி விற்கும் பாட்டுத் தாள்களும் சிறு புத்தகங்களுமே அவர் அச்சிட்டவை. வந்த சில நாளிலேயே பையனை அச்சுக் கோக்க நிறுத்தினார். எழுத்துப் பெட்டி எட்டவில்லை. ஏறத்தாழ ஒரு முழ உயரத்தில் ஒரு நீளப் பலகையைப் போட்டு அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். அவனுக்கு எழுத்துக்களின் உருவம் தெரியும். அவற்றைச் சேர்த்து வாசிக்கத் தெரியாது. முன்னால் வைத்த தாளைப் பார்த்து, அதில் உள்ள உருவங்களைப் போலவே ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தான். இரண்டு நாள் ஆயிற்று. அவன் முதன்முதலாகக் கோத்த அந்தப் பாட்டு, வக்கீல்களின் வம்சாவளியைப் பற்றிய கொச்சையான தெருப்பாட்டு. அர்த்தம் அவனுக்குப் புரியவில்லை என்பது நல்லதுதான்!

அந்தப் பையன் வேறு பள்ளிக்கூடம் பார்க்கவில்லை. ஒரு கிழிந்த அகராதியும், மை படிந்த ஒரு பைபிளும்தான் அவனுக்கு வாத்தியார்கள். கோத்துக் கோத்தே வாசிக்கப் படித்தான்; வாசித்து வாசித்தே எழுதப் பழகினான். அன்றைய மர அச்சு யந்திரத்தில் வேலை செய்ய இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் தோல் பந்துகளால் எழுத்தின்மேல் மை ஒற்றுவான். மற்றவன் தாளை வைத்துக் கைப்பிடியை இழுப்பான். நல்ல ஆட்கள் சேர்ந்தால் மணிக்கு இருநூறு தாளுக்குமேல் ஒரு பக்கம் அடிக்கலாம். பதினாறு வயதில் ஐசாயா இந்த வேலைகள் அனைத்திலும் எஜமானை மிஞ்சிவிட்டான். பிறகு எஜமானிடமிருந்து ஓடியும் போனான்.

லண்டனுக்குப் போய் உயர்ந்த தொழில் பழக வேண்டும் என்பது ஆசை. கப்பல் அவனைக் கொண்டு சேர்த்ததோ ஹாலிபாக்ஸ். இன்று கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவின் துறைமுகம் அது. அங்கே சர்க்கார் வேலைகளை அச்சிட்டு வந்த அந்தோணி ஹென்றியிடம் வேலைக்கு அமர்ந்தான். ஹென்றி நல்ல மனிதர்; சோம்பேறி. ‘ஹாலிபாக்ஸ் கெஜட்’ பத்திரிகையின் பொறுப்பு முழுவதையும் இந்தப் பையன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

1765 நவம்பர் 1-ந் தேதி முத்திரை வரிச் சட்டம் அமலுக்கு வந்தது. பத்திரிகைகளைச் சர்க்கார் முத்திரை குத்திய காகிதத்தில்தான் அச்சிட வேண்டும், முத்திரைக்கு வரி. இங்கிலாந்திலிருந்து முத்திரைக் காகிதம் வந்து இறங்கியது. ஜனங்களுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை என்று பையன் பத்திரிகையில் போட்டான். ஹென்றியை அழைத்துச் சர்க்கார் எச்சரித்தது. அவர் பையனைக் கை காட்டினார். பையனையும் அழைத்துக் கண்டித்தார்கள். அடங்கினானா? பென்சில்வேனியாவில் ஒரு பத்திரிகை, சட்டத்தை எதிர்த்துப் பக்கங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டுத் துக்கம் காத்தது. அந்தப் பத்திரிகை எப்படி இருந்தது என்று வாசகர்களுக்குக் காட்டுகிற சாக்கில், தன் பத்திரிகைக்கும் அதேபோல் தடித்த கறுப்புக் கோடு போட்டுவிட்டான்!

இன்னொரு நாள் ‘கெஜட்’ முத்திரையே இல்லாமல் வெளிவந்தது. போய்ப் பார்த்தால், கையிருப்பில் இருந்த காகிதம் முழுவதிலும் முத்திரை இருந்த ஓரம் கத்தரித்து எறியப்பட்டிருந்தது. ஒரு வருஷத்துக்குப் போதுமான காகிதம்! 1766 வசந்தத்தில் ஐசாயா ஊரைவிட்டுப் போனபோது ஹென்றி பெருமூச்சு விட்டிருப்பார்.

ராஜத்துரோகப் பட்டறை

சில வருஷங்கள் வட கரோலினா, தென் கரோலினா என்று சுற்றினார். சார்லஸ்டன் நகரில் மேரி டில் என்ற பெண்ணை 1769 டிசம்பரில் கல்யாணம் செய்துகொண்டார். மறு வருஷம் பாஸ்டனுக்கே திரும்பினார். அந்த மார்ச் மாதத்தில்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாஸ்டன் தெருவில் கூட்டத்தின் மீது சுட்டு ஐந்து பேர் மாண்டிருந்தார்கள். ஊர் புகைந்துகொண்டிருந்தது.

1770 ஜூலையில் பத்திரிகை பிறந்தது. பெயர் ‘மாசசூசெட்ஸ் ஸ்பை’. அதாவது மாசசூசெட்ஸ் ஒற்றன். கூட்டாளி யார் தெரியுமா? அதே ஜெகரையா பௌல்! ஓடிப்போன பையனை அவர் மன்னித்துவிட்டார். மூன்று மாதத்தில் தாமஸ் அவருடைய பங்கை வாங்கிக்கொண்டார்.

பாஸ்டனில் ஏற்கெனவே பத்திரிகைகள் இருந்தன. அவற்றை வாசித்தவர்கள் வியாபாரிகள், வக்கீல்கள், பாதிரிமார். தாமஸ் வேறு ஆட்களை நினைத்தார். தச்சன், கொல்லன், கயிறு திரிப்பவன் போன்ற, வேலை நடுவே உட்கார்ந்து நீளமாக வாசிக்க நேரம் இல்லாதவர்கள். அவர்களுக்காகச் சிறிய தாளில் வாரம் மூன்று முறை செய்தி கொடுத்தார். பிறகு பெரிய தாளில் வாரப் பத்திரிகையாக மாற்றினார்.

எல்லாக் கட்சிக்கும் இடமுண்டு, யாருடைய செல்வாக்குக்கும் கட்டுப்படுவதில்லை என்று தலைப்பிலேயே போட்டிருந்தார். ஆரம்பத்தில் இரண்டு பக்கத்தாரும் எழுதினார்கள். சீக்கிரமே மன்னர் கட்சியார் எழுதுவதை நிறுத்தினார்கள். சுங்க அதிகாரிகள் சந்தாவை நிறுத்தினார்கள். நடுநிலை என்ற அந்த வாக்கியம் அதற்குப் பிறகும் தலைப்பில் இருந்தது. ஆனால் பத்திரிகை எந்தப் பக்கம் என்பது பாஸ்டனில் சிறு பிள்ளைக்கும் தெரியும். தாமஸை இந்த விஷயத்தில் நேர்மை தவறியவர் என்று சொல்லலாமா? மன்னர் கட்சியார் அப்படித்தான் சொன்னார்கள். அவருடைய அச்சுக்கூடத்துக்கு ‘ராஜத்துரோகப் பட்டறை’ என்று பட்டமும் கொடுத்தார்கள். வட கரோலினாவின் கவர்னரைத் தாக்கி ‘ஸ்பை’ எழுதியபோது, அங்கே ஒரு ஊரில் தாமஸின் உருவப் பொம்மையைத் தூக்கிலிட்டு எரித்தார்கள்.

1773 டிசம்பர் 16-ந் தேதி இரவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் 342-ஐப் பாஸ்டன்வாசிகள் கடலில் கொட்டினார்கள். நம் சென்னைக் கோட்டையில் கொடி பறக்கவிட்ட அதே கம்பெனிதான். அதற்குத் தண்டனையாக 1774 ஜூன் முதல் துறைமுகத்தை மூடினார்கள். பட்டாளம் வந்து இறங்கியது. மறு மாதமே ‘ஸ்பை’யின் தலைப்பில் ஒரு புதிய படம் வந்தது. துண்டு துண்டாக வெட்டப்பட்ட ஒரு பாம்பு. ஒவ்வொரு துண்டும் அமெரிக்காவின் ஒரு பகுதி. அது சீறிக்கொண்டு நிற்பது ஒரு பறக்கும் நாகத்தின் எதிரே, அதுதான் பிரிட்டன். சேருங்கள், இல்லாவிட்டால் சாவுதான் என்பது படத்தின் வாசகம். வெட்டுண்ட பாம்பு பெஞ்சமின் பிராங்க்ளின் 1754-ல் வெளியிட்ட யோசனை. தாமஸுக்காக இந்தப் படத்தைச் செதுக்கிக் கொடுத்தவர், வெள்ளிப் பட்டறைக்காரர் பால் ரெவியர். வாசிக்கத் தெரியாதவனுக்கும் அந்தப் படம் புரியும். வாசிக்கத் தெரியாமல் எழுத்துக் கோத்தவருக்கு அதன் மதிப்பு தெரியாதா?

1775 மார்ச் மாதம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஒரு கிராமவாசியைப் பிடித்து, உடம்பெல்லாம் தார் பூசி, இறகுகளை ஒட்டி, தாளம் கொட்டித் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனார்கள். ‘ஸ்பை’ அச்சுக்கூடத்தின் வாசலில் ஊர்வலம் நின்றது. அடுத்தது இந்த அச்சுக்காரன்தான் என்று கூச்சலிட்டார்கள்.

நதியைக் கடந்த யந்திரம்

சிறையிலிருந்து ஜூரிகள் காப்பாற்றலாம். சிப்பாய்களிடமிருந்து யார் காப்பாற்றுவது? நண்பர்கள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். தாமஸ் யோசித்தது தம் தலையைப் பற்றி மட்டும் அல்ல. அச்சு யந்திரம் பாஸ்டனில் சிக்கிக்கொண்டால் பத்திரிகை செத்துவிடும்.

ஏப்ரல் 16-ந் தேதி இரவு. டாக்டர் ஜோசப் வாரனும், வூஸ்டர் ஊரைச் சேர்ந்த திமொதி பிகலோவும் உதவிக்கு வந்தார்கள். யந்திரத்தைக் கழற்றினார்கள், ஈய எழுத்துக்களை மூட்டை கட்டினார்கள். ஈயத்தின் கனம் தூக்கியவனுக்குத் தெரியும். சத்தம் இல்லாமல் சார்லஸ் நதியின் குறுக்கே கொண்டுபோய், அங்கிருந்து வண்டியில் ஏற்றினார்கள். மேற்கே 40 மைலில் இருக்கிறது வூஸ்டர். பிகலோ வீட்டின் நிலவறையில் யந்திரம் இறங்கியது.

சரியாக இரண்டு நாள் இடைவெளி. 18-ந் தேதி இரவு பிரிட்டிஷ் பட்டாளம் பாஸ்டனிலிருந்து கிளம்பியது. பால் ரெவியர் குதிரையேறி ஊர் ஊராக எச்சரித்த புகழ்பெற்ற இரவு அது. 19-ந் தேதி விடியற்காலை லெக்சிங்டன் மைதானத்தில் எட்டு அமெரிக்கர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யுத்தம் பிறந்துவிட்டது. அன்று தாமஸும் துப்பாக்கி எடுத்தவர்களோடு சேர்ந்து நின்றார். மறுநாள் வூஸ்டர் வந்து சேர்ந்தார். அவரிடம் மிஞ்சியவை யந்திரமும் எழுத்துக்களும்தான். மற்ற உடைமைகளும், வரவேண்டிய சந்தாப் பாக்கிகளும் பாஸ்டனோடு போயின.

மே 3-ந் தேதி ‘ஸ்பை’ மறுபடியும் வெளிவந்தது. வூஸ்டரில் அச்சான முதல் தாள் அதுதான். லெக்சிங்டன் சண்டையைப் பற்றி அதில் அவர் எழுதியதைப் பட்சபாதமற்ற செய்தி என்று சொல்ல முடியாது. முதல் குண்டைச் சுட்டது யார் என்று சரித்திரக்காரர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். தாமஸுக்கு அதில் சந்தேகமே இல்லை. எரிகிற வீட்டின் நடுவே நின்று எழுதிய எழுத்து அது. அப்படியே வாசிக்க வேண்டும்.

1776 ஜூலை 14-ந் தேதி, சுதந்திரப் பிரகடனத்தின் பிரதி ஒன்று பாஸ்டனுக்குப் போகும் வழியில் வூஸ்டர் வந்தது. தாமஸ் அதை வாங்கி, மாதா கோயில் முகப்பில் ஏறி நின்று ஜனங்களுக்கு உரக்க வாசித்தார் என்பது அந்த ஊர் வழங்கும் செய்தி. நியூ இங்கிலாந்து மாகாணங்களில் பிரகடனத்தை ஜனங்கள் காதால் கேட்டது அதுவே முதல் தடவை என்பார்கள். மூன்று நாளில் ‘ஸ்பை’யிலும் வெளியிட்டார்.

ஊருக்கெல்லாம் சுதந்திரம் வாசித்தவரின் வீடு அப்போது உடைந்துகொண்டிருந்தது. மனைவி மேரி, மேஜர் பெஞ்சமின் தாம்சன் என்பவரோடு பழகி, அவரோடு பிரயாணமும் போய் வந்தாள். மறைக்கவும் இல்லை. 1777-ல் விவாகரத்து ஆயிற்று. இரண்டு குழந்தைகள் தகப்பனோடு நின்றார்கள். அந்தத் தாம்சன் லேசுப்பட்டவர் அல்ல. பிரிட்டிஷாருக்குக் கண்ணுக்குத் தெரியாத மையால் கடிதம் எழுதி உளவு சொன்னவர். பிற்காலத்தில் ரம்போர்டு பிரபு என்ற பெயரில் உஷ்ணத்தைப் பற்றி ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. ‘ஒற்றன்’ என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தவரின் வீட்டிலேயே உண்மையான ஒற்றன் புகுந்துவிட்டான்.

கையில் பணம் இல்லை. பத்திரிகையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு வருஷம் வேறு ஊரில் பிழைக்கப் பார்த்தார். 1778-ல் திரும்பி வந்தபோது எழுத்துக்கள் தேய்ந்து கெட்டுக் கிடந்தன. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். 1779-ல் மறுமணம் செய்துகொண்டார்.

சொந்த சர்க்காரின் வரி

யுத்தம் முடிந்தது. மன்னர் போனார். ஜனங்களின் சட்டசபை வந்தது. கஜானாவோ காலி, யுத்தக் கடன் தலைக்குமேல். 1785-ல் மாசசூசெட்ஸ் சட்டசபை என்ன செய்தது தெரியுமா? பத்திரிகைகளுக்கு முத்திரை வரி போட்டது! எந்த வரியை எதிர்த்து இருபது வருஷத்துக்கு முன் பதினாறு வயதுப் பையன் காகிதத்தின் ஓரத்தை வெட்டி எறிந்தானோ, அதே வரி.

கூச்சல் கிளம்பவே, அதை ரத்து செய்துவிட்டு விளம்பரங்களுக்கு வரி விதித்தார்கள். விளம்பரம்தான் பத்திரிகைக்குச் சோறு. நம்மவர்கள் போட்ட வரிதானே, தேசத்துக்குத்தானே என்று பலர் பொறுத்துக்கொண்டார்கள். தாமஸ் பொறுக்கவில்லை. மன்னர் கை வைத்தாலும் தவறு, ஜனசபை கை வைத்தாலும் தவறு என்று ‘ஸ்பை’யையே நிறுத்திவிட்டார். 1786 ஏப்ரல் முதல் 1788 மார்ச் வரை ‘ஸ்பை’ வரவில்லை. அதற்குப் பதில், வரிக்கு உட்படாத புத்தக வடிவில் ‘வூஸ்டர் மாகஸின்’ என்று வாரந்தோறும் வெளியிட்டார். வரி போன பிறகுதான் ‘ஸ்பை’ திரும்பி வந்தது.

யுத்தகாலத்துத் தாமஸைப் பாராட்டாதவர் இல்லை. கவர்னரைக் காக்க வைக்கும்போது ஊரே பின்னால் நின்றது, கைதட்டல் இருந்தது. இந்த இரண்டு வருஷ மௌனத்துக்குக் கைதட்டல் கிடையாது, நஷ்டம்தான் உண்டு. ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த இரண்டு வருஷத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு செல்வம் கொழித்தது. 16 அச்சு யந்திரங்கள், 150 வேலையாட்கள், சொந்தக் காகித ஆலை, பைண்டிங் சாலை, பல ஊர்களில் புத்தகக் கடைகள். பள்ளிப் பாடப் புத்தகம், பஞ்சாங்கம், குழந்தைகளுக்கான கதைகள், சங்கீதப் புத்தகம் என்று லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார். 1791-ல் 50 செப்புத் தகட்டுப் படங்களோடு பெரிய பைபிள் ஒன்று வெளியிட்டார். பிறகு சிறிய பைபிள் ஒன்றை முழுக்கக் கோத்து, எழுத்தைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்தார், வேண்டும்போது அடித்துக்கொள்ளலாம் என்று. அவ்வளவு ஈயத்தை முடக்கி வைக்க எத்தனை பணம் வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்கு விளங்கும். பிராங்க்ளினும் ஒரு காலத்தில் அச்சுக்காரர்தான். அவர் தாமஸை இங்கிலாந்தின் மகா நிபுணரான பாஸ்கர்வில்லுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்.

1802-ல் தொழிலை மகனிடம் விட்டுவிட்டுப் பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். ‘அமெரிக்காவில் அச்சுத் தொழிலின் சரித்திரம்’ என்று இரண்டு பாகங்களில் 1810-ல் அவர் வெளியிட்ட நூலை இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டுகிறார்கள். பௌலின் திறமைக் குறைவை அதில் அவர் மூடி மறைக்கவில்லை. அதே சமயம், நியூயார்க்கில் மன்னருக்காகப் பத்திரிகை நடத்திய ரிவிங்டனைப் பற்றி எழுதும்போது, பத்திரிகை நடத்த அவரைவிடத் தகுதி உள்ளவர்கள் சிலரே இருப்பார்கள் என்று ஒப்புக்கொண்டார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் இந்த வரியை அவர் எழுதியிருக்கமாட்டார்.

1812-ல் வூஸ்டரில் ‘அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொஸைட்டி’ என்ற சங்கத்தை நிறுவினார். தேசத்தில் அச்சான எதையும் அழியவிடாமல் காப்பது அதன் வேலை. தம் புத்தகங்களை அதற்கே கொடுத்தார். கட்டிடமும் கட்டிக் கொடுத்தார். கடற்கரை நகரங்களைவிட்டு உள்நாட்டில் வைத்ததற்குக் காரணம் உண்டு: அப்போது பிரிட்டனோடு மறுபடியும் யுத்தம். அந்தப் பயம் வீண் போகவில்லை. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பட்டாளம் வாஷிங்டனுக்குள் புகுந்து, காங்கிரஸ் நூல்நிலையத்தையும் எரித்தது.

1831 ஏப்ரல் 4-ந் தேதி 82-வது வயதில் தாமஸ் காலமானார். ‘ஸ்பை’ அவருக்குப் பிறகும் நடந்து 1904-ல் நின்றது. சங்கம் இன்றும் வூஸ்டரில் இருக்கிறது. பௌல் அச்சுக்கூடத்தில் அவர் தொழில் பழகியதும், பாஸ்டனிலிருந்து இரவோடிரவாக நதியைக் கடந்ததுமான அந்த மர யந்திரத்தை அங்கே வைத்திருக்கிறார்கள்.

அங்கே இன்னொரு பொருளும் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தாமஸ் பாஸ்டனில் தெருப்பாட்டு அச்சிடும் ஒருவரிடம் போனார். கடையில் இருந்த பாட்டுத் தாள்களை எல்லாம் வாங்கினார். முந்நூறுக்கு மேல் இருந்தன. கனவான்கள் கையால் தொடக் கூசும் பாட்டுகளும் அவற்றில் உண்டு. மூன்று தொகுதியாகக் கட்டினார். சாமானிய ஜனங்கள் இந்தக் காலத்தில் எதை விரும்பிப் பாடினார்கள் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று தம் கையால் குறிப்பு எழுதி, சங்கத்தின் அலமாரியில் பைபிள்களோடு சேர்த்து வைத்தார்.